ஈர மூலை

திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே இருக்கும் கன்னியம்மாவின் பன்றிக் கொட்டகைக்கு முதல்முறை வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிடுவார்கள். அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. பன்றியைப் போலச் சுத்தம் பார்க்கிற பிராணி கிடையாது, இடம் கொடுக்காமல் அடைத்துப்போட்டுவிட்டு அதன்மேல் பழி போடுகிறார்கள் என்று வாதாடுவாள். அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். கொட்டகையில் ஒரு மூலையை மட்டும் ஈரமாக வைத்திருப்பாள். பன்றிகள் கழிப்பதற்கு அங்கே போகும். வைக்கோல் போட்ட காய்ந்த பக்கத்தில் வந்து படுக்கும்.

தம்பி ஆனந்தன் டெம்போ ஓட்டுகிறான். சிறுசேரி கேன்டீன்களில் மிஞ்சும் சோற்றைப் பன்றிகளுக்கு ஏற்றி வருவது அவன்தான். புருஷன் போன பிறகு அவனைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள். மகளின் பிரசவத்துக்காகக் கடப்பாக்கம் போனபோதும், செவலை என்ற சினைப் பன்றியை அவனிடம்தான் ஒப்படைத்தாள். குட்டி போடுகிற சமயத்தில் வைக்கோல் கொடு, அதை வாயால் இழுத்துக் குவித்துப் படுக்கை போட்டால்தான் செவலை அடங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"நீ போய்ட்டு வாக்கா, நான் இல்ல?" என்றான்.

பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பியவளை நாற்றம் வாசலிலேயே நிறுத்தியது. கொட்டகையில் பாதியை ஆனந்தன் ஒரு மேஸ்திரிக்கு சிமெண்ட் மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டிருந்தான். பன்றிகளெல்லாம் மீதிப் பாதியில் நெருக்கியடித்து நின்றன. நாற்றம் போகட்டுமென்று தினமும் தரை முழுக்கக் குழாயில் தண்ணீர் அடித்திருக்கிறான், மகா புத்திசாலி. எல்லா இடமும் ஈரமானதும் எல்லா இடமும் கழிப்பிடமாகிவிட்டது. அதிலேயே படுத்துப் புரண்டு, ஒன்றின் வாலை ஒன்று கடித்துப் புண்ணாக்கியிருந்தன. செவலை, திரும்பக்கூட இடமில்லாத கம்பிக் கூண்டுக்குள் நின்று, வெறும் சிமெண்ட் தரையை மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற செவலை, அவள் கையை நீட்டியதும் வெடுக்கென்று கடிக்க வந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள்.

"இன்னாடா இது?"

"பன்னி தானக்கா, வுடு. மேஸ்திரிக்கு வார்த்தை குட்த்துட்டேன்."

தனக்குக் கொடுத்த வார்த்தை என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. சோறு இறக்குவதற்காக டெம்போ வெளியே நின்றிருந்தது. அது வழக்கமாக நிற்கும் கூரைச் சாய்ப்பில் வைக்கோலைக் கொட்டினாள். சுற்றிலும் தட்டி கட்டினாள். கூண்டைத் திறந்து செவலையை அங்கே ஓட்டிவிட்டாள்.

"அப்போ என் வண்டிய எங்க நிறுத்தறது?" என்று ஆனந்தன் எகிறினான்.

"வண்டி தானடா. வெயில்ல நிக்கட்டும்."

செவலை அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக் கவ்விக் குவித்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் குட்டிகள் போட்டுவிட்டது. காலையில் ஆனந்தன் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல, எத்தனை குட்டி என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அவனிடம் சொல்லியே பழகியவள், குனிந்து வைக்கோலைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.