மூடின ஃபைலைத் திறந்தவன்

என் கணவரின் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகும் கல்லீரலில் இரண்டு புள்ளிகள் மிச்சமிருந்தன. மருந்து ஏற்றி அவை சுருங்கினால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அந்த 'சுருங்கினால்' என்ற வார்த்தையை நம்பித்தான் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது முறை மருந்து ஏற்றி வந்ததும் இவருக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேருமே விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்கள். பேதியானால் உடம்பு சுத்தமாகும் என்பது ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. இவர் பாத்ரூமிலிருந்து பரீட்சையில் பாஸான முகத்தோடு வந்தார்.

"கெட்டதெல்லாம் வெளியே போகுது. மருந்து நல்லா வேலை செய்யுது."

நானும் தலையாட்டிக்கொண்டு மோர் கரைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏற்றித்தான் மீட்க முடிந்தது.

வீடு திரும்பியதும், "போதும். இனிமே மருந்து வேண்டாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு பிரமோஷனுக்காக மனு மேல மனு போட்ட மனுஷன்தானே நீங்க? இதுக்கு மட்டும் ஒரே அடியில கை விரிக்கிறீங்க?" என்று கத்திவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன். பயம். வேறொன்றுமில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா எல்லாவற்றையும் ஹிந்தியில் நிதானமாக விளக்கினார். அந்த மருந்தைக் கல்லீரல் அடக்கிக் குடலுக்கு அனுப்பிவிடுமாம். குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை மறுபடி உசுப்பிவிடுமாம். அதனால்தான் குடல் புண்ணாகிப் பேதி ஆகிறது. வெளியே போனது நோய் இல்லை, உடம்பின் தண்ணீர். எல்லா பாக்டீரியாவும் எதிரி இல்லை என்றும் சொன்னார். சில சிகிச்சைக்குத் துணை நிற்கின்றன, சில கட்டியின் பக்கம் சேர்ந்துகொள்கின்றன. இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"அளவைக் குறைக்கிறேன். பேதி தொடங்கினதுமே இந்த மாத்திரை, உடனே எனக்கு போன். அச்சா?"

ஆட்டோவில் திரும்பும்போது திடீரென்று சிரித்தார்.

"மேலே கல்லீரல் ஆபீசர் கையெழுத்துப் போட்டு மூடின ஃபைலை, கீழே குடல் செக்‌ஷன்ல ஒருத்தன் திறந்துட்டான். சர்வீஸ் முழுக்க நான் அவனோடதானே மாரடிச்சேன்!"

அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! ஆனாலும் அடுத்த முறைக்கு வருவாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மருந்து ஏற்ற வேண்டிய நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஜல்தி வா, ஆட்டோ பையா கத்தறான்" என்று அவரே என்னை விரட்டினார்.

அந்த முறையும் வயிறு கலங்கியது. என்னிடம் சொல்வதற்கு முன்பே டாக்டரம்மாவுக்கு போன் போய்விட்டது. இரண்டே நாளில் அடங்கியது.

போன வாரம் ஸ்கேன் வந்தது. புள்ளிகள் சுருங்கியிருக்கின்றன. டாக்டரம்மா அறுவை சிகிச்சைக்குத் தேதி சொன்னார். போதும், வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி முடியாதா, மேடம்?"