ஹிஸ்புல்லா கேட்காத பம்பு

மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே கடலில் ஆட்களை ஏற்றி லாஞ்ச் ஓட்டிய ஹிஸ்புல்லாவைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் கண்டதில்லை. அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் அவருடைய வாயில் மண்ணைப் போட்டது.

அறுபத்துநாலாம் ஆண்டு லாஞ்சின் தண்ணீர்ப் பம்பு வெடித்து எஞ்சின் நின்றுபோனது. மாரி தொடங்குமுன் லாஞ்ச் ஓடாவிட்டால் அந்த வழியில் ஓடும் பெர்மிட் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த எஞ்சினுக்குரிய பம்பு கொழும்பில் ஒரேயொரு கம்பனியில்தான் கிடைக்கும். கடிதம் எழுதிக் கேட்டால் ரயிலில் அனுப்புவார்கள்.

ஹிஸ்புல்லா எழுதினார். கம்பனி முதலாளியின் சுகம் விசாரித்தார், அவருடைய பிள்ளைகளுக்காகத் துஆச் செய்தார், "எனது லாஞ்சும் சற்றுச் சுகமில்லாமல் இருக்கிறது, தங்கள் அன்பை நாடுகிறேன்" என்று முடித்தார். அவ்வளவுதான்.

"பம்பு எண்ட சொல்லையே காணல்லியே?" என்றாள் மனைவி றம்ஸியா.

"ஒருத்தர்ர வாசலுக்குப் போன உடனே தாங்க எண்டு கேக்கிறதா? என்ன விசயம் எண்டு அவங்க கேக்கட்டும். பிறகு சொல்லுவம்."

எங்கள் ஊரில் அப்படித்தான். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வந்த காரியத்தை யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். கொழும்புக்காரருக்கு இது எங்கே தெரியப்போகிறது? நன்றி சொல்லி ஒரு கலண்டரை அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது கடிதத்தில் மரியாதை இன்னும் கூடியது. அதற்கு வந்த பதில் ஒரே வரி: தங்கள் அன்புக்கு நன்றி.

வானம் கறுக்கத் தொடங்கியது. ஹிஸ்புல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் றம்ஸியா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, எஞ்சினின் பெயர், அதன் இலக்கம், பம்பு ஒன்று மாரிக்கு முன் தேவை, தயவுசெய்து அனுப்பி உதவுங்கள் என்று சுருக்கமாக எழுதினார்.

பதில் சுணங்காமல் வந்தது. "தங்கள் முதற் கடிதம் வந்தபோது எங்களிடம் ஒரு பம்பு இருந்தது. கேட்பார் இல்லாததால் சென்ற வாரம் விற்றுவிட்டோம். வருந்துகிறோம்."

அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுத அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாரி வந்தது. பெர்மிட், ஊரில் எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் இன்னொரு லாஞ்ச்காரர் அலியாருக்குப் போனது.

ஹிஸ்புல்லா அலியார் வீட்டு வாசலில் போய் நின்றார். சலாம்கூடச் சொல்லவில்லை.

"காக்கா, உங்கட லாஞ்சில எனக்கொரு வேலை வேணும்."

அலியார் திகைத்துப்போனார். "உள்ள வாங்க ஹிஸ்புல்லா, இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"ஏலாது காக்கா. தருவீங்களா இல்லியா, முதல்ல அதச் சொல்லுங்க. பிறகு குடிக்கிறன்."