வயரைக் கழற்றச் சொன்னவன்

அந்தப் பிழையைச் செய்தது தனலட்சுமி அல்ல. நான்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். தனலட்சுமி எனக்குக் கீழே கணினி வேலை பார்த்தவள். திறக்க வேண்டிய நாளில் கணினிக் கோப்புகள் திறக்கவில்லை. பழி அவள் மேல் விழுந்தது... விழுந்தது என்றா எழுதினேன்? இல்லை. நான் போட்டேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அது போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலம். யாழ்ப்பாணத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையில் தொலைபேசி மறுபடி பேசத் தொடங்கியிருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கணினி வந்தது. அதை இயக்க, ஹட்டனில் கணினி வகுப்பு முடித்த தனலட்சுமியைத் தோட்டத்தை நிர்வகித்த துரை எடுத்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒரு பெண் அந்த அலுவலகத்துக் கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதலில் தற்காலிகம். கம்பனியிலிருந்து தோட்டத்தைப் பரிசோதிக்க வரும் விசிட்டிங் ஏஜன்ட் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். அப்படித்தான் பேச்சு.

அவளுடைய அம்மா ராமாயி கொழுந்து பறிப்பவள். பாதையில் என்னைக் கண்டால் கூடையோடு ஒதுங்கி நிற்பாள்.

"ஐயா, புள்ளைய ஒங்க கையில விட்டுருக்கேன்."

"பயப்படாதை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்பேன். பாத்துக்கொண்டேன்தான்...

இன்று நீங்கள் உங்கள் கோப்புகள் 'மேகத்தில்' இருப்பதாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு அது கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருந்த ஒரு சேர்வர். தோட்டத்தின் கொழுந்து, உரம், மழை, தொழிற்சாலை விபரம் எல்லாம் அதில்தான். தொலைபேசி வயரைக் கணினியில் செருகினால் கொழும்போடு தொடர்பு வரும். நாங்கள் குறித்து வைத்த கோப்புகளின் பிரதிகள் எங்கள் கணினியிலும் தங்கும். வயரைக் கழற்றிய பிறகும் அவற்றைத் திறக்கலாம். மழை பெய்தாலே லைன் செத்துப்போகும் மலையில், இது இல்லாமல் முடியாது.

ஒரே ஒரு தொலைபேசி லைன். வயர் கணினியில் இருக்கும்வரை மணி அடிக்காது. தொலைபேசி இருந்தது என் மேசையில். அதைத் தொடுவது பெரிய கிளாக்கர் மட்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல, தோட்டத்து வழக்கம். நான் வெளியே போயிருந்தால் மணி அடித்து அடித்து ஓயும். யாரும் எடுக்கமாட்டார்கள்.

விசிட்டிங் ஏஜன்ட் வருவதற்கு முன், புதிய மென்பொருள் அடங்கிய டிஸ்க் ஒன்றைத் தலைமை அலுவலகம் அனுப்பியது. அன்று காலை அங்கிருந்த கணினி அதிகாரி என்னை அழைத்தார்.

"இதைப் போட்ட பிறகு பழைய குறிப்பும் பிரதிகளும் அழிஞ்சுபோகும். கோப்புகளின்ர பெயர் மட்டும்தான் நிக்கும். திரும்ப லைனைக் குடுத்து, எல்லாத்தையும் உங்கட மெஷினில வைக்கச் சொல்லிக் குறியுங்கோ. முடியும்வரை வயரில கை வைக்க வேண்டாம். பின்னேரம் வரை இழுக்கும்."

"சரி" என்றேன்.

தெளிவாகக் கேட்டது. லைனில் இரைச்சல் இல்லை. எனக்கு விளங்காமலும் இல்லை. இந்த இடத்தில் எனக்கு எந்தச் சாட்டும் கிடையாது.

ஆனால் அன்று மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா தொலைபேசி எடுப்பதாக இருந்தது. என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தாள். மாப்பிள்ளையின் மாமனைத் தொலைபேசிக் கடைக்கே கூட்டிக்கொண்டு வருவாள். மணி அடிக்காவிட்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? பெண் வீட்டுக்காரனுக்கு அக்கறை இல்லை என்று எழும்பிப் போய்விட்டால்?

தனலட்சுமி டிஸ்க்கைப் போட்டு முடித்து, வயரைச் செருகி வைத்திருந்தாள்.

"போட்டுட்டேங்க ஐயா. வேற ஏதாச்சும் செய்யணுங்களா?"

"ஒண்டும் இல்லை. வயரைக் கழட்டி வை. போய்ச் சாப்பிட்டிட்டு ஆறுதலா வா."

நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்... அந்த நினைப்பு என்னைக் காப்பாற்றுமா?

அக்கா எடுத்தாள்.

"என்ன தம்பி, குளிருக்குக் குரலும் நடுங்குது? பெடியன் கனடா. பேப்பரெல்லாம் சரியாம். மாமன் பக்கத்தில நிக்கிறார், கதை. வழமை மாதிரி உம்மெண்டு நிக்காமல் கொஞ்சம் சிரிச்சுக் கதை."

சிரித்துக் கதைத்தேன். நிறையச் சிரித்தேன்.

அன்றிரவு மழை பிடித்தது. விடிய, பாதையோரத்தில் மண் சரிந்து தொலைபேசிக் கம்பங்கள் விழுந்துகிடந்தன. லைன் இல்லை. நான் அப்போதாவது துரையிடம் போயிருக்கலாம். விசிட்டிங் ஏஜன்ட் வரும் நாளைத் தள்ளிப்போடக் கேட்டிருக்கலாம். போகவில்லை. வருவதற்குள் லைன் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தனலட்சுமிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

லைன் வரவில்லை. விசிட்டிங் ஏஜன்ட் வந்துவிட்டார். சுற்றுப்பாதையால் வந்து, நனைந்த சப்பாத்தோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். துரை பக்கத்தில் நின்றார். தனலட்சுமி புதுச் சேலை உடுத்தியிருந்தாள்.

முதல் கோப்பைத் திறந்தாள். 'கிடைக்கவில்லை' என்று வந்தது. அடுத்தது. அதற்கும் அப்படித்தான். அவளுடைய விரல் வேகம் கூடியது. மூன்றாவது... விசிட்டிங் ஏஜன்ட் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார்.

துரையின் முகம் சிவந்தது. எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "யாரு செஞ்சது இது?"

அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்.

"டிஸ்க் போட்டது பிள்ளைதான், சேர்."

அந்த வசனத்தை எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதும் இல்லை.

தனலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் அடுத்த வசனத்தைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் மேசையில் இருந்த பேனையை நேராக வைத்தேன்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லு" என்றார் துரை.

பெரட்டு என்றால், விடியற்காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்கும் இடம். அலுவலகத்தில் இருப்பவர்கள் அங்கே போய் நிற்பதில்லை. அவள் நின்றாள். தன் அம்மாவுக்குப் பக்கத்தில், கூடையோடு. நான் அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வைத்தேன்.

சில நாளில் லைன் வந்தது. வயரைச் செருகி, அன்றே செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லாக் கோப்பும் வந்து சேர்ந்தது. ஒன்றுகூடத் தொலைந்திருக்கவில்லை. எல்லாம் கொழும்பில் பத்திரமாக இருந்தன... லைன் வந்த அன்றாவது துரையிடம் போயிருக்கலாமே? கேளுங்கள். நானும் கேட்கிறேன். அலுவலகத் தொலைபேசியில் சொந்தக் கதை கதைத்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டேன். அந்தச் சின்ன வெட்கத்துக்காக!

என் மகளின் கலியாணம் நடந்தது. நன்றாக இருக்கிறாள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்று ஹட்டனில் குடியிருந்தபோது, பழைய துரையைத் தேடி உடப்புசல்லாவைக்குப் போனேன். அங்கே மாற்றலாகியிருந்தார். உண்மையைச் சொன்னேன். அவளுக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி கேட்டேன்.

அவருக்கு அவளுடைய பெயர் நினைவில் இல்லை. "அத இப்ப எதுக்கு கிளாக்கர் தோண்டுறது?" என்று சிரித்தார்.

பிறகு வட்டவளைக்குப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் தனலட்சுமி வேலை செய்தாள். கலியாணமாகியிருந்தது.

"வாங்க ஐயா. சட்டைத் துணிங்களா?"

நின்றபடியே சொன்னேன். அவள் விரித்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியுங்க" என்றாள்.

"எப்பிடி?"

"வயரக் கழட்டுனது நான்தானேங்க. கழட்டச் சொன்னது நீங்க. பொறகு ஹட்டன் கிளாசு சார்கிட்ட கேட்டேன், வெளங்கிருச்சு. அன்னிக்கு நீங்க போன்ல சிரிச்சது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கு முன்ன ஐயா சிரிச்சு நாங்க கேட்டதே இல்லீங்க."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"யாருகிட்டங்க?"

அவள் துணியைத் தட்டில் வைத்தாள்.

"எனக்குச் சொல்லி என்னாங்க ஆகப்போகுது? எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. நாந்தான் கெடுத்தேன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அது ஒண்ணு போதுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு அந்த லயத்துக்குப் போனேன். ராமாயி கிழவியாகியிருந்தாள். பெரிய கிளாக்கர் ஐயா என்றதும் பதறி எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டாள். விருந்தாளிக்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டுக் கிளாஸைக் காலடியில் வைத்தேன்.

சொன்னேன். டிஸ்க், லைன், அக்காவின் அழைப்பு, துரையின் கேள்வி, என் பதில்... ஒன்றையும் விடவில்லை.

ராமாயியின் கண் நிறைந்தது.

"ஐயாவுக்கு எம்புட்டுப் பெரிய மனசுங்க" என்றாள். "எம்புள்ள செஞ்சத ஒங்க தலையில எடுத்துப் போட்டுக்கிறீங்களே."

"இல்லை ராமாயி. உண்மையைத்தான் சொல்லுறன்."

"அன்னிக்குத் தொரை முன்னுக்கு நீங்க சொன்னதுதாங்க உண்மை. ஐயா பொய் சொல்ல மாட்டீங்க. இப்ப அவளுக்காகச் சொல்றீங்க."

"அம்மா, ஐயா சொல்றதக் கேளும்மா" என்றாள் தனலட்சுமி.

"நீ சும்மா இருடி. ஒனக்காகவா இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க! கால்ல விழுந்து கும்புடு."

எழும்பப் பார்த்தேன். கதிரை சுவரோடு ஒட்டியிருந்தது. கால்களை இழுத்துக்கொள்ள இடம் இல்லை.

தனலட்சுமி என் முன்னால் வந்து நின்றாள். அன்று அலுவலகத்தில் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தாள். இந்த முறை எதற்கும் காத்திருக்கவில்லை.

குனிந்தாள். என் காலடியில் இருந்த வெறும் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வருவாள் என்று வெகுநேரம் இருந்தேன். ராமாயி என்னைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள்.