மடி மட்டும் காணலியே

மடி கட்டத் தெரியாமல் பருத்திக் காட்டில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டேன். தொண்ணூற்றாறாம் வருஷம், பொங்கல் விடுமுறை. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல். பருத்தி எடுக்க வரும் பெண்கள் சேலையை இடுப்பில் பைபோல மடித்துக் கட்டிக்கொள்வார்கள்; அதுதான் மடி. எனக்குப் பாவாடையில் அது நிற்கவில்லை. எடுத்த பருத்தியெல்லாம் காலடியில் கொட்டியது. அதைப் பார்த்துச் சிரித்த ஒருத்தி, உடையார்பாளையத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், கேலியாக எடுத்துவிட்டாள்.

கூட நெறஞ்சிருக்கு – எங்கண்ணே
மடி மட்டும் காணலியே
துண்டு விரிச்சிருக்கு – எங்கண்ணே
தூக்கி வைக்க ஆளில்லியே

காட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மடி கட்டத் தெரியாதவள் துண்டில் பருத்தி பொறுக்குகிறாள், கூடையைத் தலையில் தூக்கி வைக்க ஆளைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெளிவாகவே புரிந்தது. இவ்வளவு தெளிவாக நான் தப்பாகப் புரிந்துகொண்டது வேறொன்றும் இல்லை.

மூன்று வருஷம் அதைப் பாடித் தீர்த்தேன். பாத்திரம் விளக்கும்போது, சைக்கிள் மிதிக்கும்போது, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில்கூட. வீட்டில் பாடினால் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாட்டுக்கு அத்தனை தாகம் இருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒருநாள் மதியம் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா சொன்னார்.

“அந்தப் பாட்ட உங்கப்பா முன்னாடி பாடாத. அது ஒங்கத்த கட்டுனது.”

எனக்கு ஓர் அத்தை உண்டு என்பது தெரியும். அப்பாவின் ஒரே தங்கை. அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு உடையார்பாளையம் போனவர். அத்தோடு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவர். அந்த வீட்டுப் பேச்சே எங்கள் வீட்டில் எழுவதில்லை.

“மக பொறந்து காது குத்து வச்சா. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்? உங்கப்பா போவல. கூடை கூடையா அரிசியும் பழமும் வாங்கி வச்சிருந்தாளாம். பொழுது ஏறிக்கிட்டே போயிருக்கு. கடைசில பலகையில ஒரு துண்ட விரிச்சு, இதான் எங்கண்ணேன்னு சொல்லி, புள்ளைய அதுமேல உக்கார வச்சாளாம். எல்லாம் போனப்புறம் பந்தலக் கூட்டிக்கிட்டே பாடுனாளாம். கேட்டவளுவ கொண்டுபோயி காடு மேடெல்லாம் பரப்பிட்டாளுவ.”

அன்றோடு பாட்டை நிறுத்தினேன். ஏழெட்டு மாதம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “அந்தத் துண்டுப் பாட்ட இப்பெல்லாம் பாடறதில்லையா?”

“மறந்துபோச்சுப்பா” என்றேன்.

நான் பாடும்போதெல்லாம் அப்பா எழுந்து போனது வெறுப்பில் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். அன்றைக்குப் பாடியிருந்தால் அவர் தங்கையைப் பார்க்கப் போயிருப்பாரா? தெரியாது. வாயை மூடிக்கொண்டது நல்ல பிள்ளைத்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அதற்காக அழுகையும் வருவதில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அந்த நாளை அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நான்கில் அத்தை இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து சேராமல் எடுக்க மாட்டார்கள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். பெரம்பலூரில் ஜவுளிக்கடைக்காரர் எந்தக் கலரில் எடுக்கட்டும் என்று கேட்டார். “பச்சை. அவளுக்குப் பச்சைன்னா உசுரு” என்றார் அப்பா. அத்தையைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அரியலூர் தாண்டியதும் முந்திரித் தோப்புகள் தொடங்கின. சேலைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். உடையார்பாளையத்தில் இறங்கி, ஒரு டீக்கடையில் விசாரித்துத்தான் தங்கையின் தெருவைக் கண்டுபிடித்தார். பறைச் சத்தம் கேட்ட பிறகு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் யாரோ “பொறந்த வூட்டுக்காரங்க வந்துட்டாங்க” என்றார்கள். பிறந்த வீட்டு ஆள் வந்தால் ஒப்பாரி கூடும் என்பார்கள். அங்கே அது நின்றுபோனது. பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். அப்பா சேலையைப் போர்த்திவிட்டு அப்படியே நின்றார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அத்தையின் முகம் அப்பாவின் முகம்போலவே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

தலைமாட்டில் அத்தையின் மகள் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். தன் மாமனை அன்றுதான் பார்க்கிறாள். அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து, வீட்டுக்கு வந்தவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“வாங்க மாமா. வர்றதுக்கு ரொம்பச் சிரமமா இருந்துச்சுங்களா?”

“இல்லம்மா” என்றார் அப்பா. “நேர் பஸ்தான். ரெண்டு மணி நேரம்.”