கழுவக் கூடாத பானை

குழந்தைவேல் குடிச்சுப்போட்டுத்தான் பானையெல்லாம் கெடுத்தான் என்று குழாயடியில் பேசுகிறீர்களே, எந்தக் கடையில் குடித்தான்? யார் ஊற்றிக் கொடுத்தது? பார்த்தவர் ஒருத்தருமில்லை. அவனே சொன்னானே என்பீர்கள். சொன்னான்தான். எதுக்குச் சொன்னான் என்று கேட்டீர்களா? பெண்டாட்டியை நட்டாற்றில் விட்டு ஓடினானாம். ஓடுகிறவன் பட்டப்பகலில், ஊரே பார்க்க, நடந்தா போவான்?

கரடியூருக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட்டில் அவன் பல்ப்பர் மிஷின் ஓட்டினான். பழத்தைத் தோலுரிக்கிற மிஷின். உரித்த தோலும் கொழகொழத்த தண்ணியும் கூலியாட்கள் இருக்கிற லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு குழியில் போய் விழும். வெயில் பட்டால் மேலே ஏடு கட்டிக் காய்ந்து, தரை மாதிரியே கிடக்கும். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவன் மகள் மலர், ஒன்பது வயசுப் பிள்ளை, ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு அந்தத் தரைமேல் ஓடியது. ஆட்டுக்குட்டி கரையேறிவிட்டது. பிள்ளை ஏறவில்லை.

அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிற அவன் பெண்டாட்டி மேகலா மூன்று தடவை அரப்புப் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். புளிச்ச வாடை போகவேயில்லை. வாடையோடுதான் சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் குழிப் பேச்சே கிடையாது.

போன கார்த்திகையில் சேலத்துக் காலேஜிலிருந்து ஜெஸ்லின் என்கிற பொண்ணு வந்தது. பல்ப்பர் மிஷின் இருக்கிற வீட்டுக்குள் பன்னிரண்டு மண்பானை வைத்தது. உள்ளே அதே தோல் தண்ணி, தண்ணிக்குள் கரித்துணி, வெளியே ஒயர். பத்து நாள் கழித்து மொச்சைக்கொட்டை அளவு பல்பு ஒன்று எரிந்தது.

“ஏனுங்க, இந்தச் சனியன் தண்ணியில கரண்டு எப்படிங்க வரும்?” என்றான் குழந்தைவேல்.

“துணிமேல கறுப்பா வழவழன்னு படிஞ்சிருக்கு பாருங்கண்ணா, அத்தனையும் உசுரு. கண்ணுக்குத் தெரியாது. கழிவத் தின்னுட்டு கரண்டு குடுக்குது. தண்ணியும் தெளியுது. ஒண்ணே ஒண்ணு, அதைக் கழுவிடாதீங்க.”

“எங்க ஆளுங்க பல்லு வெளக்கறதே பெரிய சங்கதிங்க. பானையவா கழுவப் போறாங்க?”

எஸ்டேட் முதலாளி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். தை முடிகிற வரைக்கும் அந்தப் பல்பு அணையாமல் எரிந்தால், குழியை மூடிவிட்டு இதே மாதிரிப் பெரிய தொட்டி கட்டுவோம். அணைந்தால் பழைய குழிதான். குழந்தைவேலுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். விடிந்ததும் பானைக்கு ஒரு சொம்பு புதுத் தண்ணி வார்ப்பான். பனி இறங்கினால் சாக்குச் சுற்றுவான். வீட்டில் மட்டும் வாய் திறக்கமாட்டான். எப்படித் திறப்பான்? அதனால் கழுவக் கூடாது என்கிற பேச்சும் மேகலா காதுக்குப் போகவில்லை.

போகி வந்தது. வாசலில் வேப்பிலையும் பூவும் செருகிக் காப்புக் கட்டுகிறதுக்கு முன்னால் வீடு, வாசல், மிஷின், பாத்திரம் எல்லாம் கழுவியாக வேணும் நமக்கு. அவன் சுண்ணாம்பு வாங்க ஏற்காட்டு பஜாருக்குப் போயிருந்தான். மேகலா இரண்டு வருசத்தில் முதல் தடவையாகப் பல்ப்பர் வீட்டுக்குள் காலை வைத்தாள். அதே வாடை. பிள்ளைமேல் இருந்த வாடை.

அவன் திரும்பி வந்தபோது பன்னிரண்டு பானையும் பளபளவென்று வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. கரித்துணி கொடியில் காய்ந்தது. ஒவ்வொரு பானைக்கும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கட்டியிருந்தாள். பிளீச்சிங் பவுடரில் அவள் கை வெந்து சிவந்திருந்தது.

“போயிருச்சுங்க. வாடை போயிருச்சு. மோந்து பாருங்க.”

அவன் குனிந்து மோந்து பார்த்தான். “ஆமா புள்ள,” என்றான். வேறே என்ன சொல்வான்?

சாயங்காலம் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ராஜேந்திரன் வந்து குதித்தார். “எவன்டா கழுவுனது? கழுவுன கை இனிமே இந்த எஸ்டேட்டுல பழம் தொடாது!”

“நாந்தானுங்க.”

“நீயா? கழுவக் கூடாதுன்னு உனக்குத்தான்டா நல்லாத் தெரியும்!”

“குடிச்சிருந்தேனுங்க.”

இதுதான் நீங்கள் பேசுகிற குடி. அவன் வாழ்நாளில் குடித்த ஒரே குடி.

அன்றைக்கு ராத்திரியே, மறுபடி பத்து நாளில் பல்பை எரிய வைக்கலாம் என்று ஜெஸ்லின் போனில் கெஞ்சிப் பார்த்தது. அணையாமல் என்றால் அணையாமல்தான் என்றுவிட்டார் முதலாளி. குழி குழியாகவே நின்றது, அவன் வேலையும் போனது.

மறுநாள் பொங்கல். விடிந்ததும் அவன் முள்ளு வெட்டி, குழியைச் சுற்றி இடுப்பளவுக்கு அடைத்துவிட்டு வந்தான். மஞ்சப்பையில் வேட்டி சட்டை வைத்தான்.

“காப்புக் கட்டுன ஊட்ட வுட்டு யாராச்சும் கெளம்புவாங்களா?” மேகலா வாசலை மறித்தாள். “நாந்தான் கழுவுனேன்னு ரைட்டர்கிட்டச் சொல்லிப்போடறேனுங்க.”

“ஊடு உம்பேர்ல, உன் வேலைக்குக் குடுத்தது. சொன்னா உன்னையும் துரத்துவாங்க. அப்புறம் மரத்தடியில புள்ளைக்கு யாரு இருக்கா?”

அவள் நகர்ந்தாள். முள்ளு அடைத்த அவன் கையில் குழித் தண்ணி ஒட்டியிருந்தது. அவளுக்கு அந்த வாடை தெரியாமல் இருக்குமா?

“கையாச்சும் கழுவிட்டுப் போங்க.”

“இருக்கட்டும் புள்ள.”

நிலைப்படியில் கட்டின வேப்பிலை தலையில் தட்ட, குனிந்து வெளியே போய், மலையிறங்குகிற குப்பனூர்ப் பாதையில் நடந்தான்.