ரேடியோ வாயை மூடியிருந்த காலம்

என் மனைவியின் தம்பிக்கு ரேடியோ என்று பட்டப்பேர் வைத்தது நான்தான். டயர் கடையில் நானும் அவனும் கூட்டு. ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் வண்டிக்காரனின் குடும்பக் கதை முழுக்க வாங்கிக்கொண்டு, தன் கதையையும் கொடுத்து அனுப்புவான். எனக்குப் பேச்சு ஆகாது. பேசுவதை அவன் பார்த்துக்கொள்வான், நட்டு முடுக்குவதை நான் பார்த்துக்கொள்வேன்.

வீட்டிலும் அவனுக்கு இதே உத்தியோகம்தான். பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்று சண்டை போட்டு, என் மாமனாரும் மாமியாரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. நடுவில் நின்று இவன் ஒலிபரப்புவான்.

"அம்மா, அப்பாவுக்குக் காபி வேணுமாம்."

"சூடா வேணுமான்னு கேளுடா."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

ஒரு தடவை ரத்ததானம் செய்யப் போனவனை ஹெபடைடிஸ் சி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் விபத்தில் அடிபட்டபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாமாம். கல்லீரலைச் சத்தமில்லாமல் அரிக்கிற கிருமி. இன்றைக்கு மாத்திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை, கிட்டத்தட்ட ஒரு வருஷம். ஊசி போட்டால் காய்ச்சலும் உடம்பு வலியும் பின்னாலேயே வரும். அதைவிட மோசம், அவன் பேச்சே நின்றுபோனது. "ரேடியோ ரிப்பேரா அண்ணே?" என்று கேட்ட லாரிக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "மாமா, ஊசிய நிறுத்திடுறேன். இந்த மருந்து எல்லாருக்கும் கேக்காதாமே. எனக்கும் கேக்கலன்னா இவ்வளவு பாடும் வீண்தானே?"

அவனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே மருந்தை ஒரே அளவில் போட்டாலும், ஒருத்தருக்குக் கேட்பதும் இன்னொருத்தருக்குக் கேட்காததும் ஓரளவு பிறவியிலேயே வருகிறதாம். அந்த மரபணுவைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். முடிவு கேட்கக் குடும்பத்தோடு போனோம்.

"இவருக்கு நல்ல வகை. மருந்து கேக்க வாய்ப்பு அதிகம். உறுதின்னு சொல்லமாட்டேன், ஆனா நிறுத்தாதீங்க."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வம்சத்து உடம்பே அப்படித்தான் டாக்டர்."

மாமியார் மகனைப் பார்த்தார். "வருஷம் பூரா இருமுற வம்சம் எதுன்னு கேளுடா."

அவன் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இதுல ரெண்டு பங்கு உண்டு. ஒண்ணு அப்பா கொடுக்கிறது, ஒண்ணு அம்மா கொடுக்கிறது. இவருக்கு ரெண்டுமே நல்லதா அமைஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும்னா இவ்வளவு வாய்ப்பு இருக்காது."

மாமனார் தொண்டையைச் செருமினார். மகனைப் பார்த்தார். ஒலிபரப்பு இல்லை. வேறு வழியில்லாமல் மாமியார் பக்கம் திரும்பினார்.

"உன் பங்கும் சரியாத்தான் இருந்திருக்கு."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்."

அன்றிலிருந்து சமாதானம் என்று சொல்லமாட்டேன். காய்ச்சலில் கிடந்தவன் தலைக்கு மேலேயே, ஃபேன் போடலாமா கூடாதா என்று இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். மாமனார் கால் பிடித்துவிடுவார், மாமியார் நெற்றியில் ஈரத்துணி போடுவார். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவன் கடைசி ஊசிவரை தாக்குப்பிடித்தான்.

சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். ரத்தத்தில் கிருமி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் திறந்த வாய் வீட்டுக்கு வந்தும் மூடவில்லை. சாப்பிடும்போது வழக்கம்போல ஆரம்பித்தான். "அம்மா, அப்பா என்ன சொல்றாருன்னா..."

"நாங்க பேசிக்கிறோம், நீ வாய மூடிட்டுச் சாப்பிடு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

மறுநாள் கடையில் ஒரு பஞ்சருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். அவன் கதை முடியும்வரை அடுத்த வண்டியின் நட்டை நான் முடுக்கினேன்.