மாமாவின் தொண்டையில் ஒரு சோதனை

ஊதா மையில் போட்ட கோடுகள். கதிர்வீச்சு எங்கே பாயவேண்டும் என்று காட்ட, என் தாய்மாமாவின் கழுத்தில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரியில் வரைந்துவிட்ட கட்டங்கள். அழிந்துவிடக்கூடாது என்பதால் அந்த நாட்களில் மாமா நெஞ்சுக்குக் கீழேதான் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பஸ்ஸில் பக்கத்து ஆட்கள் உற்றுப் பார்த்தால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "சுண்ணாம்பு அடிக்க அளவு எடுத்திருக்காங்க" என்பார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. கரகரத்த குரல்தான், ஆனாலும் கடைசி சீட் வரை கேட்கும்.

கிள்ளைக்குப் பக்கத்தில் மீன் வந்து இறங்கும் இடத்தில் ஏலம் கூறுகிறவர் மாமா. படகு இன்ஜின், ஐஸ் உடைக்கும் சத்தம், கூடைக்காரப் பெண்களின் சண்டை எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் நிற்கும். அதுதான் அவருக்குப் பிழைப்பு, கர்வமும் அதுதான். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஊருக்கு வந்த இலவச முகாம் ஒன்றில், தொண்டையில் கட்டி இருக்கிறது, ஆரம்பம்தான், கதிர்வீச்சில் சரியாகிவிடும் என்று சொல்லி, வெளியூர் தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் சிதம்பரத்தில் எம்.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் கூடப் போனேன்.

"மத்தவங்க ஏழு வாரம் வரணும். உங்களுக்கு மூணு வாரத்துல முடிச்சிடலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். மாமா கும்பிட்டு, "எனக்கு என்னா தெரியும் சார், நீங்க பாத்து செய்யுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் இது மரியாதைக்குச் சொல்வது. கொத்தனாரிடமும் சொல்வோம், தையல்காரரிடமும் சொல்வோம், தாலுகா ஆபீஸிலும் சொல்வோம். நல்லபடியாகச் செய்யுங்கள் என்றுதான் அர்த்தம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அல்ல. நாலு வாரம் அலைச்சல் மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஏன் மாமாவுக்கு மட்டும் அப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவள்.

மூன்றாவது வாரம் கழுத்துத் தோல் கருத்து உரிந்தது. கஞ்சிகூட இறங்கவில்லை. கட்டி போய்விட்டது, அதை நான் மறைக்கமாட்டேன். குரலும் போய்விட்டது. ஆறு மாதம் கழித்தும் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சிதம்பரத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ஃபைலைப் புரட்டி, நடுவில் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பி, "இவரை ஒரு ஆராய்ச்சில சேத்திருக்காங்க, தெரியாதா?" என்றார். டோஸைக் கூட்டி நாட்களைக் குறைத்தால் தொண்டை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற ஆராய்ச்சி. மாமாவுக்கு அதில் ஒரு நம்பர். அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டுதான் மூன்று வாரமும் போய்வந்தேன். அடுத்து வரவேண்டிய தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

இப்படி வேறெங்கும் நடந்திருக்கிறதா என்று தேடி அந்த வாரம் முழுக்க நூலகத்தில் கிடந்தேன். அமெரிக்காவில், வைத்தியம் என்று நம்பி வந்த ஏழைப் புற்றுநோயாளிகளுக்கு, அவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள், உடம்பு முழுக்கக் கதிர்வீச்சைப் பாய்ச்சி, அணுகுண்டுச் சண்டையில் ஒரு சிப்பாய் எவ்வளவு தாங்குவான் என்று பார்த்திருக்கிறார்கள். சில நோயாளிகளுக்குச் சொல்லாமலே புளூட்டோனியத்தை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். பல வருஷம் கழித்து அரசாங்கம் மன்னிப்புக் கேட்டதாம். செத்தவர்களிடம் எப்படிக் கேட்டார்களோ தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் மாட்டிக்கொண்டவர்கள் ஒரே மாதிரி ஆட்கள், டாக்டர் முன்னால் உட்காரவே கூசுகிறவர்கள். எங்களைப் போல.

மாமாவை அழைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அதிகாரி ஒருவர் ஃபைலில் ஒரு வரியைக் காட்டினார். டாக்டருக்குச் சரி என்று பட்டதைச் செய்யலாம் என நோயாளியே வாயால் சொன்னதாக இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள். மாமா அன்றைக்குக் கும்பிட்டுச் சொன்ன அந்த மரியாதை வார்த்தைதான் அது. "சாதாரண வைத்தியத்துலயும் சில பேருக்கு கொரல் போவும்மா. உயிரோட இருக்காரே, அதப் பாருங்க" என்றார் அவர். குரல் போகலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வழியையும் சொல்லி, எது வேண்டும் என்று கேட்டிருக்கவேண்டும். ஒரு கூடை மீனுக்கே மாமா மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் ஏலத்தை முடிப்பார்.

திரும்பி வரும்போது கேஸ் போடலாம், பேப்பருக்கு எழுதலாம் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் இன்ஜினை அணைத்த பிறகுதான் மாமா என் காதருகே குனிந்தார். அதற்கு முன்னால் பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன், பாப்பா. பின்னால வர்றவனுக்கு ஒதவட்டுமேன்னு. என்னை ஒரு ஆளா நெனச்சு கேக்கலியே."